உடைத்த திறப்பும் உடைந்த தட்டுகளும்

1989 டிசம்பரில் ஐரோப்பாவிலும் வேறு கண்டங்களிலும் ஏறத்தாழ இருபதாயிரம் பேருக்கு லண்டனிலிருந்து தபாலில் ஒரு பொதி வந்தது. உள்ளே ஒரு நெகிழ்வட்டும் நீலநிறத் துண்டுத்தாள் ஒன்றும் இருந்தன. எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று வட்டின் மேல் எழுதியிருந்தது. பெற்றவர்களில் ஒரு பகுதியினர் கணினி சஞ்சிகை ஒன்றின் சந்தாதாரர்கள். மற்றொரு பகுதியினர் உலக சுகாதார நிறுவனத்தின் எய்ட்ஸ் மாநாட்டில் கலந்துகொண்டவர்கள். வட்டைப் போட்டவர்களின் கணினி வழமைபோல வேலை செய்தது. தொண்ணூறு தடவை அளவில் கணினியைத் திறந்து மூடிய பிறகு, கோப்புகளின் பெயர்கள் எல்லாம் குழம்பி, திரையில் ஓர் அறிவித்தல் வந்தது: மென்பொருளுக்கான குத்தகைப் பணம் 189 டொலரை பனாமாவில் உள்ள ஒரு தபால்பெட்டிக்கு அனுப்புங்கள்.

இதுதான் கப்பம் கேட்கும் நச்சுநிரல்களின் வரலாற்றில் முதலாவது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். எழுதியவர் ஜோசப் பாப். ஹார்வர்டில் படித்த பரிணாம உயிரியலாளர். அமெரிக்காவில் பிடிபட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். மனநிலை காரணமாக விசாரணைக்குத் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. அவர் பெயரில் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சிப் பூங்கா அமைந்தது என்பது தனிக்கதை.

இந்தச் சம்பவத்தில் என் கவனத்தைப் பிடித்து நிறுத்துவது இரண்டு விடயங்கள். ஒன்று, அந்த நீலத் துண்டுத்தாள். அது ஓர் உரிம ஒப்பந்தம். பணம் தராமல் பயன்படுத்தினால் உங்கள் கணினியின் மற்ற நிரல்கள் பாதிக்கப்படும் என்று அதிலேயே அச்சிட்டிருந்தது. கப்பக்காரன் உரிமக்காரனின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் உலகத்துக்கு அறிமுகமானான். இரண்டாவது, அந்த நிரல் கோப்புகளின் உள்ளடக்கத்தைத் தொடவேயில்லை, பெயர்களை மட்டுமே மாற்றியது என்பது. சில வாரங்களுக்குள் ஜிம் பேட்ஸ் என்ற பிரித்தானிய ஆய்வாளர் அதை நீக்கவும் பெயர்களைத் திருத்தவும் இலவச நிரல்கள் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் இத்தாலியில் ஓர் ஆய்வு நிலையம் அதற்குள் பதறிப்போய் வட்டை முழுதாக அழித்து, பத்தாண்டு உழைப்பை இழந்துவிட்டதாக அக்காலத்தில் செய்தி வந்தது. அழித்தது நச்சுநிரல் அல்ல, பதற்றம்.

இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தப் பதற்றம்தான். நம்மவர் வீடுகளில் இன்று ஒரு புதுவகைப் பெட்டி வந்துவிட்டது. நான்கு வன்தட்டுகள் செருகிய, சப்பாத்துப் பெட்டி அளவிலான நாஸ் பெட்டி. ஊர்ச் சங்கத்தின் முப்பது வருட விழா ஒளிப்பதிவுகள், அம்மாவின் குரல் பதிந்த ஒலிநாடாக்களின் மின்பிரதி, தொண்ணூறுகளில் வந்து நின்றுபோன சிற்றிதழ்களின் ஸ்கேன், அகதி விண்ணப்பத்துக்குக் கொடுத்த கடிதங்கள் எல்லாம் அதற்குள். ஒரு நாள் காலையில் சிவப்பு விளக்கு எரிகிறது. அடுத்த இரண்டு மணித்தியாலத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் அந்தப் பெட்டியின் வரலாறு முடிகிறதா தொடர்கிறதா என்பது தங்கியிருக்கிறது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் பலர் செய்கிற ஒரு காரியம், ‘மீட்பு மென்பொருள் இலவசம் கிராக்’ என்று தேடுவது.

கிராக்குக்கும் ஒரு மரபு உண்டு. 1975இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் ஒரு ஹோட்டலில் அல்டெயர் கணினியைக் காட்சிக்கு வைத்தபோது, பில் கேட்ஸும் போல் அலனும் எழுதிய பேசிக் மொழியின் துளைநாடா ஒன்று காணாமற் போனது. சில வாரங்களில் ஆர்வலர் குழுவின் கூட்டத்தில் அதன் பிரதிகள் கைக்குக் கை மாறின. எடுத்தவர் அடுத்த கூட்டத்துக்கு இரண்டு பிரதி கொண்டு வரவேண்டும் என்பது அங்கிருந்த எழுதாத விதி. 1976 பெப்ரவரியில் கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்: அல்டெயர் வைத்திருப்பவர்களில் பத்து வீதத்துக்கும் குறைவானவர்களே பேசிக்கை விலைக்கு வாங்கியிருக்கிறார்கள், மற்றவர்கள் களவெடுக்கிறார்கள் என்று. அப்போது அவருக்கு வயது இருபது.

எண்பதுகளில் உடைப்பது ஒரு கலையாகவே ஆனது. ஆப்பிள், கொமடோர் கணினிகளுக்கான விளையாட்டுகளின் பிரதித் தடையை நீக்கிய இளைஞர்கள், ஆரம்பத் திரையில் தங்கள் புனைபெயரை வண்ண எழுத்திலும் இசையிலும் பொறித்தார்கள். அந்தக் கையெழுத்துத் திரைகளிலிருந்து கிளைத்த கணினிக் கலையை 2020இல் பின்லாந்து தன் வாழும் மரபுகளின் தேசியப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் காலத்து உடைப்பாளனுக்கு ஒரு பெயர் இருந்தது. பெயர் இருந்ததால் மானமும் இருந்தது. தன் பெயர் போட்ட பிரதி கணினியைக் கெடுத்தது என்றால் அவனுக்கு அவமானம்.

மறுபக்கம், உரிமையாளர்கள் சும்மா இருக்கவில்லை. லாகூரில் கணினிக்கடை வைத்திருந்த பாசித், அம்ஜத் அல்வி சகோதரர்கள் 1986இல் ‘பிரெய்ன்’ என்ற நிரலை எழுதினார்கள். ஐபிஎம் வகைக் கணினிகளில் பரவிய முதல் நச்சுநிரல் அது. தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைப் பிரதி பண்ணுபவர்களைப் பிடிக்கத்தான் எழுதினோம் என்றார்கள். நிரலுக்குள் தங்கள் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் கூட வைத்திருந்தார்கள். அவர்களே வெளிநாட்டு மென்பொருள்களின் கள்ளப் பிரதிகளையும் மலிவாக விற்றார்கள் என்றும், மேற்கத்தேய வாடிக்கையாளருக்குக் கொடுத்த பிரதிகளில் இந்த நிரலையும் சேர்த்தார்கள் என்றும் 1988இல் டைம் சஞ்சிகை எழுதியது. மலிவான வட்டோடு கூடவே வரும் சங்கதி என்ற முறை அன்றே முழுமையாக இருந்தது.

விளையாட்டு நிறுவனங்களும் இதே வழியில் போயின. 1995இல் அமெரிக்காவில் வந்த ‘எர்த்பவுண்ட்’ விளையாட்டு, தான் கள்ளப் பிரதி என்று கண்டுகொண்டால் உடனே நிற்காது. எதிரிகளைக் கூட்டிக் கூட்டி விளையாட விட்டு, கடைசிப் போரில் உறைந்துபோய், சேமித்து வைத்திருந்த அத்தனையையும் அழித்துவிடும். விளையாட்டில் இது வேடிக்கை. ஆனால் உடைக்கப்பட்ட நிரல் என்றால் உரிமம் கேட்காத அதே நிரல் என்ற நம்பிக்கை எவ்வளவு பழைய மயக்கம் என்பதற்கு இது நல்ல சாட்சி. உரிமச் சோதனை வாசலில் மட்டும் இருக்கவேண்டும் என்று சட்டமில்லை. உள்ளறையிலும் இருக்கலாம்.

நம்முடைய பக்கத்தையும் சொல்லவேண்டும். சென்னையில் பர்மா பஜாரிலும் கொழும்பில் பம்பலப்பிட்டியிலும் இறுவட்டுகள் மலிவு விலைக்கு அடுக்கியிருந்த காலத்தில், அந்த மென்பொருள்களின் உண்மை விலை ஓர் எழுதுவினைஞரின் பல மாதச் சம்பளம். பாமினி எழுத்துருவில் தட்டி, பேஜ்மேக்கரில் பக்கம் கட்டி வந்த எத்தனையோ தமிழ் வெளியீடுகளின் பின்னால் இருந்த மென்பொருளுக்குப் பற்றுச்சீட்டு இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை. அதை ஒழுக்கக்கேடு என்று இன்று உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தை நாம் விமானத்தில் கூடவே கொண்டுவந்துவிட்டோம். கடைக்காரரிடம் வாங்கிய இறுவட்டு வேலை செய்யாவிட்டால் திரும்பிப்போய்ச் சண்டை பிடிக்கலாம். பெயரும் முகமும் இல்லாத ஒரு தரவிறக்கத்தோடு யாரிடம் சண்டை பிடிப்பது?

இனித் தட்டுகளுக்கு வருவோம். 1987இல் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். அது 1988 ஜூனில் சிகாகோ மாநாட்டில் படிக்கப்பட்டது. அவர்களது கேள்வி எளியது. ஐபிஎம் 3380 போன்ற இராட்சதத் தட்டு ஒன்றுக்குப் பதிலாக, சாதாரணக் கணினிகளுக்குச் செய்யப்படும் 100 மெகாபைட் குட்டித் தட்டுகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டினால் என்ன? விலை குறையும், வேகம் கூடும். ஒரு சிக்கல்தான். ஒரு குட்டித் தட்டு சராசரியாக 30,000 மணித்தியாலம் உழைக்கும் என்றால், நூறு தட்டுகள் சேர்ந்த அணியில் 300 மணித்தியாலத்துக்கு ஒன்று சாகும். அதாவது இரண்டு வாரம் முழுதாகத் தாண்டாது. ஆகவே ஒன்று செத்தாலும் மற்றவற்றைக் கொண்டு அதை மறுபடி எழுதும் வழி வேண்டும். அந்த அமைப்புக்கு அவர்கள் வைத்த பெயர்தான் ரெயிட். ‘மலிவான தட்டுகளின் மிகை அணி’ என்று தமிழில் சொல்லலாம். பிறகு விற்க வந்தவர்கள் ‘மலிவான’ என்ற சொல் வியாபாரத்துக்கு உதவாது என்று ‘தனித்த’ என மாற்றிவிட்டார்கள்.

அது இயங்கும் விதம் நம் பாட்டிமார் கணக்குப் போல. மூன்று தட்டுகளில் ஒரே இடத்தில் 1, 0, 1 இருக்கின்றன என்று வையுங்கள். ஒன்றுகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டையாக இருக்கவேண்டும் என்பது விதி. இங்கே ஒன்றுகள் இரண்டு, ஆகவே நான்காவது தட்டில் 0 எழுதுவோம். இரண்டாவது தட்டு செத்துவிட்டது. மிச்சம் தெரிவது 1, 1, 0. ஏற்கனவே இரட்டை. ஆகவே தொலைந்தது 0 தான். இந்தச் சரிபார்ப்பு எண்ணை ஒரே தட்டில் வைக்காமல் எல்லாத் தட்டுகளிலும் முறைவைத்து மாற்றி மாற்றி எழுதுவது ஐந்தாம் வகை ரெயிட். வீட்டுப் பெட்டிகளில் அதிகம் இருப்பது இதுவும் இதன் உறவினர்களும்தான்.

ஒன்று செத்தால் மீளலாம். இரண்டு செத்தால் இந்தக் கணக்கு ஓடாது. ஆனால் இரண்டாவது ஏன் அதே வாரத்தில் சாகிறது? நான்கையும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து வாங்கியிருப்போம். ஒன்று போனதும் புதியதைச் செருகி மறுகட்டல் தொடங்கினால், எஞ்சிய மூன்றும் ஆரம்பம் முதல் முடிவு வரை பல மணித்தியாலம், சிலவேளை நாட்கணக்கில், மூச்சுவிடாமல் வாசிக்கப்படும். சாதாரணத் தட்டுகளுக்குத் தயாரிப்பாளரே தரும் உத்தரவாதம், 12.5 டெராபைட் அளவு வாசிப்புக்கு ஒரு பிட் வாசிக்க முடியாமல் போகலாம் என்பதே. நடைமுறையில் பெரும்பாலான தட்டுகள் அதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆனாலும் வயதான மூன்று தட்டுகளுக்கு வாழ்நாளில் மிகக் கடினமான வேலையைச் சகோதரம் செத்த அன்றைக்கே கொடுக்கிறோம் என்பதை மறக்கக்கூடாது. 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், நாஸ் பெட்டிகளுக்கென்றே விற்ற சில தட்டுகளில் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றின்மேல் ஒன்று படியும் பதிவுமுறையைச் சொல்லாமல் பயன்படுத்தியதை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. மறுகட்டலின்போது அந்தத் தட்டுகள் திணறின என்பதுதான் விடயம் வெளியே வரக் காரணம்.

இரண்டு தட்டு ‘செத்துவிட்டது’ என்று பெட்டி சொன்னாலும் பெரும்பாலும் எல்லாம் போய்விடுவதில்லை. இரண்டில் ஒன்று சில இடங்களில் மட்டும் வாசிக்க முடியாமல் இருக்கலாம், அல்லது தட்டுகள் நலமாக இருந்து பெட்டியின் மின்சுற்று மட்டும் எரிந்திருக்கலாம். தரவு அங்கேதான் இருக்கிறது, ஒழுங்குதான் போயிற்று. நான்கு தட்டுகளை 24 விதமாக அடுக்கலாம். சரிபார்ப்பு எண்ணைச் சுழற்ற நான்கு பொதுவான முறைகள் உண்டு. துண்டின் நீளம் பல அளவுகளில் இருக்கலாம். தரவு தட்டின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதும் மாறும். சரியான சேர்க்கையைக் கண்டுபிடித்து, தட்டில் ஓர் எழுத்துக்கூட எழுதாமல், கற்பனையில் அணியைக் கட்டிப் பார்ப்பதுதான் மீட்பு மென்பொருளின் வேலை. பிழையான ஒழுங்கில் செருகி, பெட்டி கேட்கும் கேள்விக்கு ‘ஆம்’ என்று அழுத்தினால், அது புதுச் சரிபார்ப்பு எண்களை நல்ல தரவின் மேலேயே எழுதத் தொடங்கும். அதன்பிறகு எழுதப்பட்ட இடத்தில் இருந்ததை எந்த ஆய்வுகூடமும் மீட்காது.

விற்பனை மீட்பு மென்பொருள்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இலவசமாக ஆராய விடும். உங்கள் கோப்புறைகள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். அம்மாவின் படத்தைக்கூடச் சிறிதாகக் காட்டும். சேமிக்க அழுத்தினால்தான் உரிமம் கேட்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பலகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளையின் நிலை. இந்த நிமிடத்தில்தான் கிராக் தேடல் நடக்கிறது. விலை ஒரு விமானச் சீட்டைவிடக் குறைவு என்று அந்த நேரத்தில் தோன்றாது. ஏற்கனவே நம்முடையதாக இருந்ததற்கு இன்னொரு முறை காசா என்ற கோபம்தான் தோன்றும்.

மற்ற கிராக்குகளுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. படம் திருத்தும் மென்பொருள் கோப்புகளைத் தொட்டால் போதும். மீட்பு மென்பொருளுக்கோ தட்டின் அடிமட்டம் வரை நேரடியாகப் போகும் அனுமதி வேண்டும். நிர்வாகி உரிமை இல்லாமல் அது வேலை செய்யாது. அதோடு, உடைத்த பிரதி கேட்கும் முதல் காரியம் நச்சுத்தடுப்பை நிறுத்து என்பது. ஆக, யார் என்று தெரியாத ஒருவர் கைவைத்த நிரலுக்கு, காவலாளியை அனுப்பிவிட்டு, வீட்டின் எல்லாத் திறப்புகளையும் கொடுத்து, நம்மிடம் இருக்கும் ஒரே பிரதியின் முன்னால் உட்கார வைக்கிறோம். அது கெட்ட எண்ணம் கொண்டதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உரிமச் சோதனையை நீக்கப் போய் வேறெங்கோ ஒரு பைட் மாறியிருந்தால் போதும். பல வருடப் பழைய பதிப்பாக இருந்து, இன்றைய கோப்பு முறையை அறியாமல், கோப்புகளைப் பெயரளவில் மீட்டுத் தந்தாலும் போதும். திறந்து பார்க்கும் நாளில்தான் தெரியும்.

கெட்ட எண்ணம் கொண்டதன் கதைக்கு ஒரு பெயர் உண்டு: ஸ்டொப், அல்லது டிஜேவியூ. 2018 முதல் பரவிய இந்தக் கப்ப நச்சுநிரல் பெரிய நிறுவனங்களைத் தேடிப் போகவில்லை. கிராக் என்றும், திறப்பு உருவாக்கும் நிரல் என்றும் வேடமிட்டு, தரவிறக்கும் தளங்களில் காத்திருந்தது. இலக்கு, வீட்டில் இருந்து காசு மிச்சம் பிடிப்பவர்கள். கேட்ட கப்பம் 980 டொலர். மூன்று நாளுக்குள் கொடுத்தால் பாதி, 490. 2019 ஒக்டோபரில் எம்சிசொஃப்ட் நிறுவனமும் மைக்கேல் கில்லெஸ்பி என்ற ஆய்வாளரும் இலவசத் திறப்பு நிரல் ஒன்றை வெளியிட்டபோது, உறுதிசெய்யப்பட்ட பாதிப்புகளே ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தன. அந்த நிரலும் பழைய வகைகளுக்கே முழுதாக உதவியது.

அதன்பின் நடந்தது இன்னும் கசப்பானது. 2020 ஜூனில் டிஜேவியூவுக்கான இலவசத் திறப்பு என்று சொல்லிக்கொண்டு ஒரு நிரல் உலாவியது. இறக்கி இயக்கியவர்களின் பூட்டப்பட்ட கோப்புகளை அது இன்னொரு தடவை பூட்டியது. ஸோராப் என்று அதற்குப் பெயர். கிராக் தேடி முதல் பூட்டு, மீட்பு தேடி இரண்டாவது பூட்டு. தொலைத்துவிட்டுத் தேடுகிறவனுக்கென்றே ஒரு சந்தை உருவாகிவிட்டது என்பதை அன்று எல்லோரும் அறிந்துகொண்டார்கள்.

படித்தவர்கள் இதில் விழமாட்டார்கள் என்று எண்ணவும் இடமில்லை. 2021இல் சோபொஸ் நிறுவனம் ஒரு சம்பவத்தை வெளியிட்டது. ஐரோப்பிய உயிரியல் ஆய்வு நிலையம் ஒன்று, கொவிட் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தது. அங்கே தொடர்புடைய ஒரு மாணவருக்குத் தரவைப் படமாக்கும் மென்பொருள் தேவைப்பட்டது. உரிமம் விலை அதிகம். கிராக் இறக்கினார். விண்டோஸின் காவல் நிரல் எச்சரித்தது. அதையும் தீச்சுவரையும் நிறுத்திவிட்டு மறுபடி முயன்றார். அந்த நிரல் செய்தது கடவுச்சொற்களைத் திருடி வெளியே அனுப்பியதுதான். 13 நாள் கழித்து யாரோ அவர் பெயரில் நிலையத்தின் வலையமைப்புக்குள் நுழைந்தார்கள். மேலும் பத்து நாள் கழித்து ரியுக் என்ற கப்ப நிரல் ஓடியது. காப்புப் பிரதி முழுதாக இல்லாத ஒரு வார ஆய்வுத் தரவு போயிற்று. கிராக் இறக்கிய மாணவரின் கணினி, கடைசிவரை, நன்றாகவே வேலை செய்தது போலத்தான் தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் ஏன் ஓர் இலக்கியக் காலாண்டிதழில் எழுதவேண்டும் என்று கேட்கலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது போனவை ஏறத்தாழ 97,000 நூல்கள் என்று நாம் எல்லோரும் சொல்லிப் பழகிவிட்டோம். அந்த எண்ணிக்கையை நினைவில் வைத்திருக்கும் ஒரு சமூகம், தன்னிடம் எஞ்சியதை ஒரு வீட்டின் படிக்கட்டுக்குக் கீழே, ஒரே பெட்டிக்குள், ஒரே பிரதியாக வைத்திருப்பது விசித்திரம். அந்தப் பெட்டிக்குள் நான்கு தட்டு இருப்பதால் நான்கு பிரதி இருப்பதாக ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. இல்லை. இருப்பது ஒரு பிரதிதான், நான்கு துண்டாக. தவறுதலாக அழித்தால் நான்கிலும் ஒரே கணத்தில் அழியும். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீகணினியில் காப்புப் பிரதி எடுக்கும் நிரலே பிழையாகி 77 டெராபைட் கோப்புகளை அழித்தது. அங்கே தட்டுகளுக்குக் குறைவில்லை.

நம்மிடையே வேறு மாதிரி நடந்தவர்களும் உண்டு. 1998 பொங்கலன்று சுவிற்சர்லாந்தில் இருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டி, யார் வேண்டுமானாலும் எடுத்துப்போகலாம் என்று வைத்தார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் திறந்தே வைத்தது. எத்தனை பேர் வீட்டுக் கணினியில் அவற்றின் பிரதி கிடக்கிறது என்று கணக்கில்லை. வீட்டுப் படங்களை அப்படித் திறந்து வைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் இன்னொரு நகரத்தில் இருக்கும் தங்கை வீட்டில் ஒரு தட்டை வைக்க எந்தத் தடையும் இல்லை.

இந்தத் துறையில் களவெடுத்துப் பெறப்படுவதில் ஒரு பங்கு ஏற்கனவே சட்டப்படி இலவசம் என்பதுதான் வேடிக்கை. வீட்டு நாஸ் பெட்டிகள் பலவற்றின் உள்ளே ஓடுவது லினக்ஸ். அவற்றின் அணியைக் கட்டுவது லினக்ஸின் எம்டி என்ற பகுதி. அதே கட்டளைகளைக் கொண்ட எம்டி-அட்மின் எந்தப் பழைய கணினியிலும் காசில்லாமல் ஓடும். பெட்டி எரிந்து தட்டுகள் நலமாக இருந்தால், பெரும்பாலும் இவ்வளவுதான் தேவை. தட்டு தடுமாறினால், அந்தோனியோ டியாஸ் எழுதிய குனு டிடி-ரெஸ்கியூ இருக்கிறது. முதலில் நன்றாக வாசிக்கக்கூடிய பகுதிகளை விரைவாக இன்னொரு தட்டுக்கு எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்துவைத்துப் பிறகு திரும்பி வரும் அதன் பொறுமையை வைத்தியர்கள்கூடக் கற்கலாம். கிறிஸ்தோஃப் கிரெனியேயின் டெஸ்ட்-டிஸ்க்கும் ஃபோட்டோ-ரெக்கும் அப்படியே. 2021 ஏப்ரலில் கியூலொக்கர் என்ற நச்சுநிரல் உலகெங்கும் கியூநாப் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டி, மூலங்களை அழித்தபோது, அந்த நிறுவனமே தன் வாடிக்கையாளருக்குக் கொடுத்த மீட்புக் கருவி ஃபோட்டோ-ரெக் என்ற இந்த இலவச நிரலின் மேல் கட்டப்பட்டதுதான்.

இவை எல்லா நோய்க்கும் மருந்தல்ல. கட்டளைகளைத் தட்டத் தெரியவேண்டும். எம்டி-அட்மினிடம் ‘ஒன்று சேர்’ என்று சொல்வதற்கும் ‘புதிதாக உருவாக்கு’ என்று சொல்வதற்கும் இடையில் ஒரு சொல்தான் வித்தியாசம், இரண்டாவது பல அணிகளைக் கொன்றிருக்கிறது. தலைப்பகுதி தட்டில் உரசும் சத்தம் கேட்டால் மின்சாரத்தை நிறுத்துவதைத் தவிர வீட்டில் செய்ய எதுவுமில்லை. ஆய்வுகூடத்தின் கட்டணம் பலருக்குக் கட்டாது. அந்த இடத்தில் பெட்டியை மூடி அலுமாரியில் வைத்துவிட்டு இரண்டு வருடம் காசு சேர்ப்பதும் ஒரு வழி. நிறுத்தி வைத்த சுழல்தட்டில் பதிந்தது அவ்வளவு விரைவில் எங்கும் போய்விடாது. இளையவர்களில் சிலருக்கு இது தெரிந்திருக்கிறது; பெற்றோரின் பெட்டியைப் பார்க்கச் சொன்னால் முதலில் மின்கம்பியைக் கழற்றுகிறார்கள்.

தட்டுகளை வெளியே எடுக்கும்போது, எது எந்தத் துவாரத்தில் இருந்தது என்று பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டவேண்டும். ஆய்வுகூடத்துக்குப் போனால் அந்த இலக்கங்களைக் கேட்பார்கள். சிவப்பு விளக்கு எரிந்த பிறகு இந்தத் தட்டுகளில் என்னென்ன நிரல்கள் ஓடின என்றும் கேட்பார்கள்.